நோன்பு மாதத்து மதியச் சோறு

அக்கா,

இன்று மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி அரைமணி நேரம் ஆகியிருக்கும். நம் தையல் கடையின் மூலையில், பெண்கள் துணி போட்டுப் பார்ப்பதற்காக நீ கட்டிய பச்சைத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசல் பின்பக்கத்தில் கஞ்சிக்குத் தாளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பூண்டும் பட்டையும் வெந்தயமும் சேர்ந்த அந்த வாசனை சந்து வழியாக வந்து ஜன்னலில் நுழைந்தது. மாத்திரை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பன்னிரண்டு வயதில் பிடிக்க ஆரம்பித்த நோன்பு. இந்த வருஷம் இல்லை. சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, போன மாதம் ஒருநாள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன். டாக்டர் ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, "நோன்பு கீன்பு எதுவும் கூடாதும்மா" என்றார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன அந்தக் 'கீன்பு' மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. ஊரே உள்ளே உட்கார்ந்திருக்க, என்னை மட்டும் வாசலில் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது.

நான் நோன்பில்லை என்பது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு தரும் அலுப்பு ஒரு பங்கு என்றால், இப்படி ஒளிந்து ஒளிந்து தண்ணீர் குடிக்கும் அலுப்பு மூன்று பங்கு. வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலே பாட்டிலை முந்தானைக்குள் மறைக்கிறேன். நீ இதை ஒரு மாதம் முழுக்க எப்படிச் செய்தாய் அக்கா?

ஏழு வருஷத்துக்கு முன்னால் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. இப்போது போல மாசி மாதத்தில் நோகாமல் வந்த நோன்பு இல்லை அது. தெரு தார் உருகும். நம் கடையின் தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி சுடுகாற்றைத்தான் வீசும். பெருநாள் துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நீ வெட்டுவாய், நான் தைப்பேன். அந்த மாதம் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை வெயிலிலும் ஒரு நோன்பைக் கூட விடாமல் பிடிக்கிறேன் என்ற பெருமை. வயிறு காலியாக இருந்த அளவுக்குத் தலை கனத்துக் கிடந்தது.

அதற்கும் பல வருஷம் முன்பு ஒரு நோன்பு நாளில், தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும்போது உன்னிடம் கிண்டலாகக் கேட்டேன். வாய் கொப்பளிக்கிறப்ப ஒரு மடக்கு உள்ளே போனால் யாருக்குத் தெரியப் போகிறது என்று. நீ முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "அதுக்குத்தான்டீ நோன்பு. தொழுவுறத ஊரே பாக்குது. நோன்ப அவன் ஒருத்தன்தான் பாக்குறான். யாரும் பாக்காதப்ப நீ இன்னா பண்றேன்னு ஒனக்கே தெரியணும்ல." நான் சிரித்தேன். புரிந்ததாகத்தான் நினைத்தேன்.

அந்தக் கத்திரி நோன்பில், பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ, தைத்து முடித்த ரவிக்கை ஒன்றைத் தேடி அந்தத் திரையை விலக்கினேன். நீ பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் கூட எனக்குக் கேட்டது. பெண்களுக்கு மாதத்தில் சில நாள் நோன்பு இல்லை. அந்த நாட்களில் மறைவாகச் சாப்பிடுவோம், பார்த்தவர்களும் பார்க்காத மாதிரிப் போவோம். ஆனால் உனக்கு அதெல்லாம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும்.

"பாத்துட்டியா? சரி, கம்னு இரு" என்றாய். அவ்வளவுதான். காரணம் ஏதாவது சொல்வாய் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். நீ தலையைக் குனிந்து துணி வெட்டிக்கொண்டே இருந்தாய்.

என்னால் கம்மென்று இருக்க முடிந்ததா? மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பள்ளிவாசல் பக்கவாட்டுக் கதவில் நின்றபோது, என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொட்டிவிட்டேன். "அந்தக்கா நோன்பெல்லாம் புடிக்கிறது இல்ல. கடையிலயே தண்ணி குடிக்குது." அவள் நம்பவில்லை. அதனால் சாட்சியும் சொன்னேன். "தெனமும் மத்தியானம் அவங்க வூட்லேர்ந்து டிபன் கேரியர் போவுது. அவங்க பொண்ணுதான் எடுத்துக்கினு போவுது. நோன்பு மாசத்துல மத்தியானச் சோறு கட்டுற வூடு அது ஒண்ணுதான்."

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அப்போது பயான் நடந்துகொண்டிருந்தது. வயிறு மட்டும் நோன்பிருந்தால் போதாது, கண்ணும் காதும் நாக்கும் நோன்பிருக்க வேண்டும், இல்லையென்றால் பசி மட்டும்தான் மிச்சம் என்று ஹஜ்ரத் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் பேசினேன். வருஷா வருஷம் கேட்கிற பேச்சு ஆயிற்றே, காதில் எங்கே ஏறப் போகிறது?

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தங்கையை மணலூர்பேட்டையில் கொடுத்திருந்தார்கள். உன் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும் மணலூர்பேட்டை. பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று நாள் குறித்திருந்தீர்கள். இது என் நினைவில் வரவே இல்லை என்று சொன்னால் நீ நம்புவாயோ என்னவோ. உண்மையிலேயே வரவில்லை.

நான் பேசிய ஐந்தாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தார், கூட இன்னும் இரண்டு பெண்கள். ரவிக்கைத் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "நோன்பா இருக்கீங்களா சம்பந்தி?" என்று கேட்டார். நான் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லைங்க. இந்த வருஷம் நான் புடிக்கல."

"ஏன்? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"அது எனக்கும் அல்லாவுக்கும் இருக்கிறதுங்க. நோன்ப வெச்சி இன்னைக்கி ஒரு பொய் சொல்ல நான் தயாரா இல்ல."

அவர்கள் கொடுத்த ரவிக்கைத் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து உன் காலில் விழுந்திருக்கலாம். அவர்கள் பின்னாலேயே ஓடி, பேருந்து நிலையத்தில் பிடித்து, நான்தான் தெரியாமல் உளறினேன் என்று சொல்லியிருக்கலாம். நான் தையலைத் தொடர்ந்தேன். ஒரே மடிப்பின் மேல் மூன்று தையல் ஓட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்தாய். "ஒனக்கு நோன்பு எப்படிப் போவுது?" என்றாய்.

"நல்லா போவுதுக்கா."

"பசிக்குதா?"

"பசிக்காம இருக்குமா?"

"பசி மட்டும் மிச்சமாவாம பாத்துக்கோ."

அதற்கு மேல் நீ எதுவும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, நிக்காஹ் நின்றுபோய்விட்டது என்று மணலூர்பேட்டையிலிருந்து ஆள் வந்து சொன்ன அன்றும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம் போல வந்து கடையைத் திறந்தாய். எனக்கு முன்னால் வந்து பெருக்கியும் வைத்திருந்தாய். கோபத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் தெரியுமா?

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு உன் முகமும் காலும் வீங்கின. அதற்கு மேல் மறைக்க உன்னால் முடியவில்லை. இரண்டு கிட்னியும் கெட்டுப்போய்விட்டன என்றும், விழுப்புரத்து டாக்டர் நோன்புக்கு முந்தைய மாதமே சொல்லிவிட்டார் என்றும், தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது என்று எச்சரித்திருந்தார் என்றும் ஊருக்கெல்லாம் தெரிந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. அம்மாவுக்கு வந்த வியாதி நாளைக்கு மகளுக்கும் வரலாம் என்று பயந்து மாப்பிள்ளை வீடு கையை உதறிவிடும் என்றுதான் நீ மறைத்திருக்கிறாய். வியாதிக்காரி என்று பெயரெடுப்பதைவிட நோன்பில்லாதவள் என்று பெயரெடுப்பது மகளுக்குப் பாதகம் குறைவு என்று கணக்குப் போட்டாய் போலும். இரண்டுமே உன்னைக் கைவிட்டன. அதற்கு நான் காரணம்.

அந்த டிபன் கேரியர் யாருக்குப் போனது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குணமாகாத நோயால் நோன்பு வைக்க முடியாதவர், ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு வயிறார உணவு கொடுக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. பேருந்து நிலையத்துப் புளியமரத்தடியில் கல்வராயன் மலையிலிருந்து வந்து கடுக்காயும் சாமையும் விற்கும் மலைக்காரம்மாவுக்கு, முப்பது நாளும் உன் வீட்டில் கட்டிய சோறு அது. நீ பிடிக்காத நோன்புக்கு நீ செய்த ஈடு. அதைத்தான் நான் உனக்கு எதிராகச் சாட்சி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தேன். அதை நீ சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொன்ன பிறகும் மூன்றாவது தடவையும் அதையே வாங்கி வந்தேன். வெறுங்கையோடு வந்தால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட நேரும் என்று பயம். புறம் பேசிய பாவத்தை, பேசப்பட்டவர் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிக்க மாட்டான் என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வார்த்தை, "மாப்பு குடுக்கா." அது என் வாயில் வரவில்லை. வீடு வீடாகக் கதை சொல்லத் தெரிந்த இந்த வாய்க்கு அந்த நேரம் பார்த்துப் பூட்டு விழுந்துவிட்டது. அடுத்த நோன்புப் பிறை தெரிவதற்கு முன்னால் நீ போய்விட்டாய்.

உன் மகளுக்கு இரண்டு வருஷம் கழித்து உள்ளூரிலேயே நல்ல இடமாக அமைந்தது. இப்போது அவளுக்கு ஒரு பிள்ளை. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளே வந்து கேட்டாள், "சின்னம்மா, அம்மா மெஷின் சும்மாதானே கெடக்குது, நான் ஓட்டட்டுமா?" அன்று முதல் உன் இடத்தில் அவள் உட்கார்கிறாள். உன்னைப் போலவே பல்லில் நூலைக் கடித்து அறுக்கிறாள். அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேச இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்றைக்கு அந்த மாத்திரை தொண்டையில் நின்று, நான் தண்ணீரை அவசரமாக விழுங்கி, புரை ஏறி இருமிவிட்டேன். என்னவோ ஏதோ என்று அவள் ஓடி வந்து திரையை விலக்கினாள். என் கையில் பாட்டில். அவளுக்கு நோன்பு, உதடு காய்ந்து கிடந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

மூடியதோடு போகவில்லை. வெளியே திரையை ஒட்டி நின்றுகொண்டாள். அவள் குதிகால் இரண்டும் திரைக்குக் கீழே தெரிந்தன. அந்த நேரம் யாரோ ஒரு பெண் வந்து, "அக்கா இல்லியா?" என்று கேட்டாள். "உள்ள வேலையா இருக்காங்க. ஒக்காருங்க, வந்துடுவாங்க" என்றாள் உன் மகள். அந்தப் பெண் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போகும் வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

வெளியே வந்தேன். அவள் மெஷினில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். ஏழு வருஷமாக வராத வார்த்தை, வேறு வழி இல்லாமல் வந்தது. "அன்னிக்கி ஒங்கம்மாவப் பத்தி வெளிய சொன்னது நான்தாம்மா."

"தெரியும் சின்னம்மா." மெஷின் நிற்கவில்லை. "அம்மா அப்பவே சொல்லிச்சி."

"இன்னா சொல்லிச்சி?"

"அவதான் சொல்லியிருக்கா, ஆனா நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, அவளுக்கு நம்மள விட்டா போக்கிடம் இல்லன்னு சொல்லிச்சி."

அக்கா, நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். முப்பது நாள் நாக்கைக் கட்ட என்னால் முடியவில்லை. இந்தப் பெண் ஏழு வருஷம் கட்டியிருக்கிறாள், அதிலும் ஒரு வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து. உன்னிடம் கேட்காமல் விட்டதை அவளிடம் கேட்டேன். "மாப்பு குடும்மா. ஒங்கம்மாவுக்கும் சேத்து நீயே குடு." அவள் எழுந்து வந்து, மேசைக்கு அடியில் பைக்குள் மலைக்காரம்மாவுக்காக நான் மறைத்து வைத்திருந்த டிபன் கேரியரை எடுத்தாள்.

"எட்டு நாளா பட்டன் வாங்கப் போறேன்னு மத்தியானத்துல போறீங்க. ஒரு பட்டனும் வரல" என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வெயில் ஏறியிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போக வரிசை கட்டி, கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. நோன்பு வயிற்றோடு இந்த வெயிலில் நீ போக வேண்டாம், நானே போகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியில் இறங்கினாள்.

என் வயிற்றுக்குத்தான் டாக்டர் தடை போட்டிருக்கிறார் அக்கா, வாய்க்குப் போடவில்லை. மிச்சம் இருக்கிற நோன்பை இந்த வாயை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை. அலுத்துப் போன வயது, பழகிப் போன நாக்கு.

"புளியமரத்துக்குப் பின்னாடி, பழைய டிக்கெட் ஆபீஸ் செவுரு பக்கம் ஒக்காந்திருக்கும்" என்று அவளிடம் உரக்கச் சொன்னேன்.

திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினாள். "எடம் எனக்குத் தெரியும் சின்னம்மா."