அரிசி டிரம் மூடியில் ஒட்டிய அட்டை

இன்று புதுவருஷம். சபைக்குக் கிளம்புமுன் சோற்றை வடித்து வைத்துவிடலாம் என்று அரிசி டிரம்மைத் திறந்தேன். உன் டிரம்தான். போன வாரம் உன் கணவர் மாடிப் போர்ஷனைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது, "அண்ணி, இத்த நீங்களே வச்சிக்கோங்க" என்று கீழே இறக்கி வைத்தார். இத்தனை நாள் நான் அதைத் தொடவில்லை. இன்றுதான் திறந்தேன். மூடியின் உள்பக்கம், போன புதுவருஷத்தில் நீ சபையில் எடுத்த அந்த வாக்குத்தத்த வசன அட்டை. மஞ்சள் கை பட்டுக் கறையாகி, படகுப் படம் மங்கிப்போய், ஆனால் ஒட்டியது ஒட்டியபடி. உலை கொதித்து வழியும்வரை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருக்கும். நீ பிழை பார்க்க மாட்டாய். யாரிடமும் பார்க்காதவள் நீ.

நேராகச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நீ இந்த வீட்டுக்கு வந்த நாளில் தொடங்கியது, உன் சவப்பெட்டியை மூடிய நாளிலும் போகவில்லை. உன் நிறத்தைப் பார்த்தோ சேலையைப் பார்த்தோ வந்ததில்லை அது. கர்த்தர் உன்னை நடத்தினாரே, அந்த விதத்தைப் பார்த்து வந்தது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவேன். காசிமேட்டில் வாரம் முழுக்க இறால் உரித்து ஊறிப்போன விரல்களைக் கோத்துக்கொண்டு மூன்று மணி நேரம் முழங்காலில் நிற்பேன். சனிக்கிழமை சபையைப் பெருக்கித் துடைப்பேன். கன்டெய்னர் லாரிப் புழுதியும் உப்புக் காற்றும் சேர்ந்து ஜன்னல் கம்பியில் பிசினாகப் பிடித்திருக்கும். அதையும் சுரண்டுவேன். நீ இட்லி தின்றுவிட்டுத் தாமதமாக வந்து, அந்த ஜன்னலோரமே உட்கார்ந்து தூங்கிவிடுவாய். ஒருநாள் பாஸ்டரம்மா உன் தோளைத் தட்டி, "என்னம்மா, ஜெபத்துல தூக்கமா?" என்றார்.

"அப்பா வூட்டுக்கு வந்த பொண்ணு தூங்காம இன்னாமா பண்ணும்?" என்றாய் கண்ணைத் தேய்த்துக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டரம்மாவும் சிரித்தார். முழங்கால் காய்த்துப்போன நான் மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளம் வந்த வருஷம், எண்ணெய் நாற்றத்தோடு தண்ணீர் வாசற்படி ஏறியபோது நான் மாடிப்படியில் நின்று உரக்க ஜெபித்தேன். நீ உள்ளே என் பிள்ளைகளுக்கும் சேர்த்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாய். "கத்தாதக்கா. அவுருக்கு காது நல்லாவே கேக்கும். வந்து துன்னு" என்றாய். மாமியாருக்குப் பீயும் மூத்திரமும் அள்ளியது நான். அவள் தலைவைத்துக் கண்ணை மூடியது உன் மடியில். இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

போன புதுவருஷக் காலையை இதுவரை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சபையில் வசன அட்டைகள் போட்டு, ஜிகினா காகிதம் ஒட்டிய பிஸ்கட் டப்பா வரிசையாக வந்தது. கண்ணை மூடி ஆளுக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும், அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்கு. நல்ல வசனம் வர வேண்டும் என்று நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கையை விட்டேன். படகுப் படம் போட்ட அட்டை. கிருபையே போதும் என்கிற வசனம். முந்தின வருஷம் அந்த வசனம் எடுத்தவளின் புருஷனுக்குக் கால் போனது. பாடு வரப்போகிறவர்களுக்குத்தான் அது வரும் என்று பெண்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டது போலப் பாவனை செய்து, அதை உள்ளே தள்ளிவிட்டு வேறொன்று எடுத்தேன். வாலாக்காமல் தலையாக்குவேன் என்று வந்தது. லேமினேஷன் போட்டு வாசற்கதவில் மாட்டினேன்.

அடுத்து டப்பா உன்னிடம் வந்தது. படகு உன் கையில் ஏறியதைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

கோடை முடியுமுன் உன் வயிற்றில் கட்டி என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்துகொண்டே இருபத்தொரு நாள் உபவாசம் எடுத்தேன். உனக்காக என்றுதான் சொன்னேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, என்னைவிட நீ எளச்சிகினு கீற. டாக்டர் வந்து உன்னைப் பெட்ல போட்டுடப் போறாரு" என்றாய். "நீ பட்டினி கெடந்தாதான் அவுரு என்னைத் திரும்பிப் பார்ப்பாரா? அவ்ளோ கல் மனசா அவுருக்கு?"

அப்போதுதான் உடைந்தேன். "அது என் அட்டைடி. எனக்குத்தான் வந்துச்சு. பயந்துகினு திருப்பிப் போட்டேன், நீ எடுத்துட்ட. எனக்கு வர வேண்டிய நோவு உனக்கு வந்துடுச்சு."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தாய்.

"நோவு பிஸ்கட் டப்பாவுலேர்ந்தா வருது? லூசு அக்கா." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய். "ஆனா அது உன்னுதா? நீ வாணாம்னு போட்டத்தான் இத்தினி நாளா நான் துன்னுகினு கீறேனா? அரிசி எடுக்கறப்பல்லாம் பார்ப்பேன்க்கா. நீ இன்னா பண்ண, எவ்ளோ பண்ணன்னு அது கேக்கவே இல்ல. போதும்னு மட்டும் சொல்லுது. நீயும் எடுத்துக்கோ. இன்னா ரேஷனா, கார்டுக்கு ஒண்ணுன்னு?"

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. நான் தள்ளிவிட்டதை நீ ருசித்துத் தின்றிருக்கிறாய்.

மழை தொடங்குமுன் போய்விட்டாய். பட்டப்பகலில், நான் டம்ளரைக் கழுவிக்கொண்டு வருவதற்குள். ஜன்னலோரம் தூங்கும்போது இருக்குமே, அதே முகம். அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு அப்படி ஒரு தூக்கம் வாழ்நாளில் வந்ததில்லை.

கதவில் மாட்டிய அட்டையைக் கழற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போது ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுத்தான் ஜெபத்துக்குப் போகிறேன். முதல் வாரம் திருடியைப் போல உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் ஜன்னலோரம் உன் இடத்தில் உட்கார்ந்தேன். கடற்காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. இத்தனை வருஷம் கம்பியைச் சுரண்டியவளுக்கு இந்தக் காற்று தெரியவில்லை பார்.

இன்று காலை டப்பா வரிசையாக வந்தது. பாஸ்டரம்மா என்முன் நீட்டினார். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"எடும்மா" என்றார்.

"எனக்கு வந்துடுச்சு பாஸ்டரம்மா. வூட்டுல கீது."

திரும்பி வந்து அந்த அட்டையைப் பிய்த்து என் பைபிளில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஒரு மூலை கிழிந்தது. உன் கை ஒட்டியது வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, மூடியைச் சாத்தி, தட்டில் சோறு போட்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் எழுத மாட்டேன். உன்னைத்தான் அவருக்குப் பிடிக்கும் என்று இன்னும் சில நாள் தோன்றுகிறது. இனி அப்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வேன். நீ அங்கே அவரிடம் அது உன் அட்டை என்று சொல்லிக்கொண்டு திரியாதே. அந்த அட்டை முதலில் எனக்குத்தான் வந்தது.