ரஷ்யப் பிள்ளைகளுக்கு வரைந்த படங்கள்

அன்பு மகள் சுடர்விழிக்கு, உன் அம்மா சொல்லச் சொல்லத் தங்கை இசைவாணி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அந்தப் பனியில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் ஓயாத கவலை. போனில் உன் குரல் பாதிதான் கேட்கிறது, அதனால் கும்பகோணத்து வளவன் விடுமுறை முடிந்து உன் கல்லூரிக்கே திரும்புகிறான் என்றதும் இந்தக் கடிதத்தையும் பருப்புப் பொடியையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பயிர் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது, உன் அப்பா வரப்பை வெட்டி வடித்துவிட்டார், இப்போது சம்பா கதிர் வாங்கி நிற்கிறது, அவருக்குத்தான் முட்டிவலி விடவில்லை.

நீ சாயங்காலம் ரஷ்யப் பிள்ளைகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் சொல்லிக்கொடுக்கிறாயே, அதற்கு உன் தங்கை இவள் வரையும் படங்களை நானும் பார்த்தேன். நம் வயலில் வானத்திலிருந்து நாயும் பூனையும் விழ, உன் அப்பா குடையோடு நிற்கிறார். இது என்னடி கூத்து என்றேன். அடைமழையை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்களாம், ரஷ்யாவில் வாளியால் ஊற்றுகிறது என்பார்களாம், அது பரவாயில்லை, நம் பேச்சு மாதிரி இருக்கிறது. நடக்கவே நடக்காத காரியத்துக்கு ஆங்கிலத்தில் பன்றி பறக்குமாம், ரஷ்யாவில் நண்டு மாதிரி ஒன்று மலை மேல் ஏறி விசிலடிக்குமாம். இவள் நம் வயல் நண்டையே வரைந்து விசிலைக் கொடுத்துவிட்டாள், ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சிரித்தேன். படத்துக்குக் கீழே ரஷ்ய எழுத்தில் நீ அனுப்பும் அர்த்தத்தை அச்சுப்போல எழுதுகிறாள். நான் இடுப்பு முறிந்து கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ளப் பத்தாவதோடு நின்றவள் இவள், அது என் மனதில் இருக்கத்தான் செய்கிறது.

முக்கியமான சேதி இதுதான். போன ஞாயிறு பாபநாசத்திலிருந்து நெடுமாறன் என்ற பையனின் வீட்டார் இவளைப் பெண் பார்க்க வந்தார்கள், பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை. உன் அத்தை ராசம்மாள் எல்லார் முன்னாலும் "சம்மதமாடி, வாயத் தொறந்து சொல்லு" என்று கேட்க, இவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பொண்ணு குனிஞ்சிடுச்சு, அப்பறம் என்ன, பூவ வைங்க" என்று பையனின் அம்மா சொல்லிவிட்டார், அத்தையும் வைத்துவிட்டாள். நம் பக்கத்து வழக்கம் அதுதானே. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்டாலும் குனிகிறவள்தான் இவள், எனக்குத் தெரியும், ஆனால் சபையில் நான் என்ன சொல்ல முடியும். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். தை பத்தாம் தேதி தாம்பூலம் மாற்றுகிறோம், மாசியில் இவளுக்குப் பதினெட்டு முடிகிறது, வைகாசியில் கல்யாணம். தாம்பூலம் மாற்றிய பிறகு பின்வாங்கினால் அப்பா தெருவில் தலைகாட்ட முடியாது. ஆகையால் இனி இவளுக்குப் பாடம் அனுப்பாதே, படத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதலாம் என்று இவளுக்கு ஆசை காட்டுவதையும் விட்டுவிடு.

அக்கா, இதை அம்மா சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். நான் குனிந்தது சம்மதம் இல்லை. எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், தேர்வு எழுத வேண்டும். அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும், அவர் எதிரில் எனக்கு வாய் வராது.

"என்னடி நான் சொல்லாமலே எழுதிக்கிட்டிருக்கே, படி பாப்போம்" என்றார்கள் அம்மா. படித்தேன், அதையும் விடாமல் படித்தேன். "அத அடிச்சிடுடி, உங்கப்பா காதுக்குப் போனா என்னையத்தான் கேப்பாரு" என்றார்கள். பேனாவை அம்மா கையிலேயே கொடுத்தேன். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதுவதைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். "எது, இதுவா? இதுவா?" என்று ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக் கேட்டார்கள். நான் காட்டவில்லை. கடைசியில் பேனாவைத் திருப்பிக் கொடுத்து, "சரி, நான் சொல்றத எழுது" என்றார்கள். எழுதுகிறேன்.

மகளே, காலுறை இல்லாமல் பனியில் இறங்காதே, வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாகப் படித்து டாக்டராகி வா, உனக்கு ஒரு குறையும் வராது. மறந்துவிடாதே, கடிதம் கிடைத்த அன்றே உன் அப்பாவுக்குப் போன் போடு. லைன் கிடைக்கும்வரை போடு. தை பத்துக்கு முன்னால் போடு.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
அம்சம்