சேமியாவின் காய்ச்சலும் நான் பாதியாகச் சொன்ன செய்தியும்

என் அப்பாவுக்கு,

கடிதம் என்றதும் முதலில் நலம் விசாரிக்கத்தான் கை போகிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்" என்பாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களிலும் அதையேதான் சொன்னாய். அதனால் இந்த முறை கேட்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. நீ இருந்திருந்தால் வாசலோடு துரத்தியிருப்பாய். காஞ்சன்பாக்கில் உன் ஃபேக்டரி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின், ஃபேக்டரி கேட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் ஃபாத்திமா ஆன்ட்டி. போன ரம்ஜான் அன்று அவர் கொடுத்தனுப்பிய சேமியாப் பாயசத்தில், மாடிப்படியில் சுற்றிக்கொண்டிருந்த உள்ளங்கை அளவுக் குட்டி ஒன்று முகத்தை விட்டுவிட்டது. மூக்கிலும் மீசையிலும் சேமியா ஒட்டிக்கொண்டு, செய்தது தான்தான் என்று தெரியாத மாதிரி எங்களைப் பார்த்தது. பெயரை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா ஒரு வாரம் அதை "இது" என்றுதான் சொன்னாள். இரண்டாம் வாரம் மீன்காரியிடம், "எங்க வூட்டுப் பாப்பாவுக்கு" என்று மீன் தலை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியாது, நீ போனதிலிருந்து சாயங்காலம் ஃபேக்டரி சங்கு ஊதினால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். சேமியா வந்த பிறகு அந்த நேரத்துக்கு அதற்குச் சோறு பிசைய உட்கார்ந்தாள். சங்கு ஊதியது என்றே கவனிக்காத நாட்களும் வந்தன.

அந்தப் பூனைக்குத்தான் காய்ச்சல். பெரிய நோயின் பெயரெல்லாம் முதலில் யாருக்குத் தோன்றும்? சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய் பீரோவுக்குக் கீழே படுத்துக்கொண்டது. பக்கத்துத் தெரு டாக்டர் ஊசி போட்டார், பத்து நாள் மருந்து கொடுத்தார். காய்ச்சல் அசையவில்லை. தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு மணிமணியாகக் கையில் தட்டியது. ஒன்பது மாதப் பூனைக்கு அப்படித் தட்டக் கூடாது.

ஏ.எஸ்.ராவ் நகரில் பூனைகளை நன்றாகப் பார்க்கிற டாக்டரம்மா இருக்கிறார் என்று ஆபீஸில் சொன்னார்கள். இரண்டு பழக்கூடைகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து, அம்மாவின் பழைய புடவைக் கிழிசலால் கட்டி, ஆட்டோவில் ஒரு மணி நேரம் போனோம். அங்கே ஒவ்வொருவரும் ஜன்னல் வைத்த பையில் பூனையைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் நம் கூடையைக் காலுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன். படித்து வேலைக்குப் போகிறேனே தவிர, இந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அப்பா.

கவுன்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பூனையின் பெயர், உரிமையாளரின் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பள்ளியிலிருந்து எங்கே கேட்டாலும் எழுதுகிற மாதிரி உன் பெயரை எழுதிவிட்டேன். சற்று நேரத்தில் கவுன்டர் பெண் எழுந்து நின்று சத்தமாகக் கூப்பிட்டாள்: "சேமியா ஏழுமலை! சேமியா ஏழுமலை எவரண்டி?" யாருங்க அது என்று.

அம்மா தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். அவள் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர் அது.

"இன்னாடி இது? உங்க அப்பா பேரப் போய் பூனைக்கு வெச்சிருக்கே?"

"இனிஷியல் மாதிரிம்மா."

"அந்த மனுஷன் கேட்டிருந்தா இந்தக் கூடையோட சேத்து நம்மளயும் வெளிய தள்ளியிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீயே போயி கேட்டுகினு வா. உள்ள வந்தா எனக்கு இன்னா புரியப்போவுது?"

நான் மட்டும் கூடையோடு உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார். எல்லாம் முடிந்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். குட்டிப் பூனைகளுக்கு வருகிற ஒரு வைரஸ் இருக்கிறது, சிகிச்சை இல்லாவிட்டால் அனேகமாக உயிரை எடுத்துவிடும். ரிப்போர்ட் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் வேறு தொற்றாகவும் இருக்கலாம், புற்றாகக்கூட இருக்கலாம். இதுதான் என்று அடித்துச் சொல்லும் ஒரே ஒரு பரிசோதனை கிடையாது. வைரஸ் மருந்தை ஆரம்பித்துப் பார்க்கலாம். சில நாளில் காய்ச்சல் இறங்கினால் அதுதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். அப்புறம் பன்னிரண்டு வாரம், ஒருநாள் விடாமல் கொடுக்க வேண்டும். விலை அதிகம். "என் பூனையாக இருந்தால் இன்றே ஆரம்பிப்பேன். ஆனால் நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம்."

நடுவில் எனக்குப் புரியாத வார்த்தைகள் மூன்றோ நாலோ வந்தன. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்த அம்மா கூடையை வாங்கி மடியில் வைத்து, ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டாள். "இன்னாவாம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ இன்ஃபெக்‌ஷன்தான். மாத்திரை குடுத்தா..."

அதோடு வாய் நின்றுவிட்டது. அதே குரல், அதே வாக்கியம். அன்று பெஞ்சில் நீ இருந்தாய்.

உனக்கு நினைவிருக்கிறதா? டீக்கடையில் தெலுங்கிலும் இந்தியிலும் ஊரையே சிரிக்க வைப்பாய். ஃபேக்டரியின் பெயின்ட் ஷாப்பில் சூப்பர்வைசரையே கலாய்ப்பாய் என்று உன் கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் அறை வாசலில் எல்லா மொழியும் உன்னை விட்டுப் போய்விடும். ஃபைலை என் கையில் கொடுத்து, "நீ காலேஜு படிக்கிற பொண்ணு, கேட்டுகினு வந்து எனக்குச் சொல்லு" என்பாய். எனக்குப் பெருமையாக இருக்கும். நம் வீட்டில் டாக்டரோடு ஆங்கிலத்தில் பேசிய முதல் ஆள் நான்தானே.

அன்று அந்த டாக்டர் என்னிடம் சொன்னது இது: அல்சராக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் வரச் சொல்லுங்கள். குழாய் விடுவதற்கு அவர் சொன்ன ஆங்கில வார்த்தை எனக்கு அன்று சரியாகப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டால் காலேஜ் பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைப்பாரோ என்று பயந்தேன். பின்னால் வரிசை நின்றது. 'தேங்க்யூ டாக்டர்' சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன்னிடம், "அல்சர்தாம்பா, மாத்திரை சாப்ட்டா சரியாயிடும்" என்றேன். நீ என் தலையில் கை வைத்துவிட்டு மறுநாள் டியூட்டிக்குப் போனாய். இரண்டு வாரத்தில் போக வேண்டிய இடத்துக்கு ஐந்து மாதம் கழித்துப் போனோம். அது அல்சர் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. 'இருக்கலாம்' என்பதை 'தான்' என்று மாற்றினேன், அவ்வளவுதான். முன்பே போயிருந்தால் நீ இருந்திருப்பாயா? பிறகு பார்த்த டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை மட்டும் நான் குறைக்காமல் கூட்டாமல் வைத்திருக்கிறேன்.

கூடையை எடுத்துக்கொண்டு, "நீயும் உள்ள வாம்மா" என்றேன். கதவைத் தட்டி டாக்டரம்மாவிடம், மன்னிக்கவும், நீங்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை, அம்மாவுக்கும் கேட்க வேண்டும், இன்னொரு தடவை தெலுங்கில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பேப்பரில் ஒரு பூனை வயிறு வரைந்து சொன்னார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தன் மார்க்கெட் தெலுங்கில் நேராக ஒரே கேள்வி: "பதுகுதுந்தா, லேதா?" பிழைக்குமா, பிழைக்காதா.

"நிஜங்கா தெலீதம்மா" என்றார் டாக்டரம்மா. உண்மையிலேயே தெரியாதாம்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். "தெரியாதுன்னா தெரியாதுதான். மருந்து எழுதச் சொல்லு" என்றாள். ஸ்கூட்டி வாங்க நான் சேர்த்து வைத்திருந்தது அந்த மருந்துக்குச் சரியாக இருந்தது. ஆபீஸுக்கு இன்னும் கொஞ்ச காலம் இரண்டு பஸ் மாறித்தான் போக வேண்டும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெஞ்சு, குழாய், இரண்டு வாரம், எல்லாவற்றையும். இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாதது. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் கூடையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் மாடியேறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. சேமியாவுக்கு மாத்திரை கொடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் வாயில் போட. அதற்கு மட்டும் வந்து பிடித்துக்கொண்டாள். ஃபாத்திமா ஆன்ட்டி உப்பில்லாமல் வேகவைத்த கோழியோடு வந்து, மருந்து விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார். "இத்தே பைஸே மே ஏக் பக்ரா ஆ ஜாதா பேட்டா!" ஒரு ஆடே வாங்கியிருக்கலாமாம். நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டதும், "கைக்கு டென்ஷன் லேரீ? நக்கோ" என்றார், கவலை எதற்கு, வேண்டாமாம். கோழியைப் பிய்த்து அவரே ஊட்ட உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் மாத்திரை போட்டு முடித்த பிறகும் அம்மா சேமியாவை மடியை விட்டு இறக்கவில்லை. "உன்ன மட்டும் சொல்லி இன்னா பிரயோசனம்" என்றாள். "கட்டினவ நானு. நான் எதுக்கு அன்னிக்கு வெளியவே குந்திகினு இருந்தேன்? நீ சின்னப் பொண்ணு. உன்ன உள்ள அனுப்பிட்டு நாங்க ரெண்டு பேரும் வெளிய குந்திகினோம்."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் தட்டில் சாம்பாரை ஊற்றிவிட்டு, "போதுமா?" என்று கேட்டாள்.

உனக்கு இதையெல்லாம் இப்போது சொல்வதால் என்ன ஆகப்போகிறது? உனக்குத் தெரிந்திருந்ததா, நான் எதையோ விழுங்கிவிட்டேன் என்று? என் முகத்தைப் பார்த்தால் உனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்காமல் இருந்தாயோ என்று சில சமயம் தோன்றும். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியம் என்பதும் தெரிகிறது.

இன்றைய நிலவரம் இது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இப்போது ஐந்து வாரம் ஆகிறது. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஜன்னலில் உட்கார்ந்து புறாக்களைத் திட்டுகிறது. ஆனால் நேற்றிலிருந்து தாவும்போது ஒரு பின்னங்கால் வழுக்குகிறது. அந்த வைரஸ் சில பூனைகளுக்கு நரம்பு வரை போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். தரை வழுவழுப்பாகவும் இருக்கலாம். எதுவென்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

நாளைக் காலை மறுபடி அங்கே போகிறோம். அம்மா இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டாள். "நான் கேக்கறத நான் கேப்பேன், நீ குறுக்க பேசாத" என்று எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று.

உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன், அப்பா. நாளைக்கு டாக்டரம்மா என்ன சொன்னாலும், அம்மாவுக்குப் பிடிபடாததை அப்படியே அவளுக்குச் சொல்வேன், பயமாக இருக்கிற பாதியையும் சேர்த்து. எனக்குத் தெரியாத வார்த்தை வந்தால், அது என்ன என்று கேட்பேன். பின்னால் எவ்வளவு வரிசை நின்றாலும், புரிந்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

உன் மகள்,
தேவி