சீமாட்டியின் தீனியில் கருவாட்டுத் தூள்

கெங்கா அக்காவுக்கு,

நீ நேற்றிலிருந்து என்னோடு பேசாததால் எழுதி வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போகிறேன். கோழித் தீனியில் "கருவாட்டுத் தூளைக் கூட்டு" என்று நேற்று எழுதியிருந்தேன். நீ துடைப்பத்தை எடுத்து அத்தனையையும் கூட்டிக் குப்பையில் கொட்டிவிட்டாய். கேட்டதற்கு, "நீதாண்டா கூட்டுன்னு எய்தி வச்சே!" என்றாய். தப்பு என்னுடையதுதான். அதைக் குப்பம் முழுக்கச் சொன்னதும் தப்புதான்.

இப்போது தெளிவாக எழுதுகிறேன். நம் கோழி சீமாட்டிக்குத் தவிட்டோடு இரண்டு பிடி தூள் கலந்து போடு. புதுத் தூள் அடுப்படி மண்சட்டியில் இருக்கிறது. தீனியில் புரதம் குறைந்ததால்தான் அவள் முட்டையை நிறுத்திவிட்டாள். நைனாவுக்கு அது ஏறவில்லை. "முட்ட வுடாத கோயிக்கு இன்னாத்துக்குடா காலேஜ் சாப்பாடு? சாயங்காலம் மாமன் வர்றான், கொயம்புல போட்டுடலாம்" என்கிறார்.

இப்படிக்கு,
தம்பி கிட்டப்பன்

பி.கு.: புரதம் வேலை செய்ய நாளாகும். முகத்துவாரக்குப்பத்து மாமன் அதுவரை பசியோடு காத்திருக்கமாட்டார். அதனால் கூண்டைச் சுற்றி வேப்பிலை செருகிவிட்டேன். நைனா கேட்டால், சீமாட்டிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல். கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

அவர் கோழியைக் கும்பிடும்போது மட்டும் சிரித்துத் தொலைக்காதே.