நந்தினியின் வகுப்பில் குலுக்கும் சாவி

செவ்வாய்க்கிழமை, இரவு.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வந்தேன். எப்போதும் போல வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டி, "மகாராணி, கதவைத் தொறங்க" என்றேன். என் மகள் நந்தினி கதவைத் திறந்ததும் காதைப் பொத்திக்கொண்டு, "அதை உள்ள வைம்மா!" என்று கத்தினாள்.

பிறகுதான் சொன்னாள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்தபோது, இரும்பு பிடித்தால் நிற்கும் என்று யாரோ அவள் கையில் சாவியைத் திணித்தார்களாம். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயரே சாவி. உள்ளே நுழைந்தாலே பிள்ளைகள் சைக்கிள் சாவியைக் குலுக்குகிறார்கள். "இந்தா, புடிச்சுக்கோ. ஆடப்போற" என்கிறார்களாம்.

"காணாமப்போன நம்ம பீரோ சாவியும் அவங்ககிட்டதான் இருக்குதான்னு கேளு கண்ணு" என்றேன். என் பேச்சுக்குக் கம்பெனியே சிரிக்கும். இவள் சிரிக்கவில்லை.

"நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல. மறுபடி வலிப்பு வந்தா எல்லாரும் சாவியோட சுத்தி நிப்பாங்க. ஒருத்தரும் தொட மாட்டாங்க."

நாளைக்கு லீவு போட்டுவிட்டு நானே வகுப்புக்கு வந்து பேசுகிறேன் என்றேன்.

"சரி, வா. ஆனா அங்க வந்து காமெடி பண்ணாதம்மா."

டாக்டர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். சாவி வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்காருங்கள். அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். சிரிப்பு வரவில்லை. கடைசி வார்த்தையில் அழுகைதான் வருகிறது. அதையும் அங்கே பண்ணக் கூடாது.