சர்வீஸில் சேராத எட்டு மாதம்

ஆடி 9, வெள்ளி.

ஓய்வு பெற ஒரு மாதம்தான் இருக்கிறது. பென்ஷன் செக்‌ஷன் சுப்பிரமணி இன்று கூப்பிட்டான்.

"சேச்சி, சம்பளமில்லாம லீவெடுத்த அந்த எட்டு மாசம் சர்வீஸில சேராது கேட்டோ. சேச்சிக்கே சுகமில்லாம இருந்தா சேர்ந்திருக்கும். யாருக்கு சுகமில்ல?"

"மகளுக்கு."

"அப்ப சேராது."

சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மீனா உயிரோடிருந்த கடைசி எட்டு மாதம் அது. காலையில் கண் திறந்ததும், "அம்மாக்கு இன்னைக்கும் லீவா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால்தான் மறுபடி தூங்குவாள்.

விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. அணைத்தால் பக்கத்து அறையிலிருந்து அதையேதான் கேட்கிறாள்.

அடுத்த மாதத்திலிருந்து அம்மாவுக்கு எல்லா நாளும் லீவுதான் மீனா. தூங்கு.