இரும்புப் பாலத்தில் நாம் இருவர்

திற்பரப்பு
4-1-1932

அன்பு நண்பன் செய்யது அலிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் பூங்கனியும் சுகம். ஆறு மாதமாய் ஒரு கார்டுகூட இல்லை. பினாங்கில் பெரிய முதலாளி ஆகிவிட்டாயோ?

நாம் ஆணி அடித்த இரும்புப் பாலத்தைச் சித்திரை கழிந்ததும் பிரிக்கப் போகிறார்கள். மரக் கம்பெனி லாரிக்கு மாறியதிலிருந்து ஐந்து வருஷமாய் அதில் வண்டி ஓடவில்லை. குறுக்குச் சட்டமெல்லாம் துரு, தண்டவாளத்துக்கு நடுவே புல். அக்கரைக்காரர்கள் ஆடு ஓட்டிவருவதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதும் அதன் வழியேதான்.

நீ உலையில் ஆணியைப் பழுக்கவைத்து "வருதுலே!" என்பாய். நான் "வரட்டு!" என்ற பிறகுதான் எறிவாய். என் தகர வாளியில் டங்கென்று விழும். அங்கே போனால் இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது.

நீ கப்பலேறி இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஒருமுறை வா. இரண்டு பேரும் கடைசியாக அதில் நடந்துவிட்டு வருவோம்.

உன்
தங்கையன்

பினாங்கு
10-2-1932

பிரியமுள்ள தங்கையனுக்கு,

ஸலாம். முதலாளியும் இல்லை, மண்ணும் இல்லை. துறைமுகப் பட்டறையில் அதே உலை, அதே குறடு. ஹமீதா பீவி உங்களை விசாரித்தாள்.

பாலம் போகிறதென்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. நீ கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கும் என் உம்மா கொடுத்தனுப்பும் கருவாடும் சேர்த்து, தூண் நிழலில் உட்கார்ந்து தின்போமே. அந்த ருசி இங்கே கிடையாது.

ஆனால் வரச் சொல்லாதே. உன் இடது கண்ணை எடுத்த ஆணியை எறிந்தவன் நான். நீ "வரட்டு" என்றது காதில் விழுந்ததா, விழாமலே எறிந்தேனா? எத்தனையோ தடவை யோசித்தும் தெரியவில்லை. "வரட்டு" என்று சொல்லவே இல்லை என்று ஓவர்சியரிடம் நீ சொன்னாய். நீ பொய் சொல்கிறவன் இல்லை. எந்த முகத்தோடு உன் முன்னால் நிற்பேன்?

செய்யது அலி

திற்பரப்பு
14-3-1932

செய்யது அலி,

உன் கடிதத்தைப் பூங்கனியும் வாசித்தாள். "உள்ளத எழுதும். இல்லேன்னா நான் எழுதுவேன்" என்று நிற்கிறாள்.

நான் "வரட்டு" என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கரையைப் பார்த்தேன். பூங்கனி துணி அலசிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அவள் சிரித்தாள், என் வாளி விலகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஓவர்சியர் கேட்டார். தப்பு என்னுடையது என்றால் வேலை போகும். கண்ணும் வேலையும் போனவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்து, "வரட்டு" என்று நான் சொல்லவில்லை என்றேன். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்து வருவதற்குள் நீ கப்பலேறிவிட்டாய். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. மன்னித்துவிடு மக்கா. சித்திரைக்குள் வா.

தங்கையன்

பினாங்கு
18-4-1932

தங்கையனுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று நாள் பட்டறைக்குப் போகவில்லை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஹமீதா பீவியைக் கூப்பிட்டு, "நான் எறிஞ்சது சரிதாம் பிள்ளே" என்று சொல்லி அழுதேன். அவள்தான் கேட்டாள், "பின்ன உம்மாக்க மையத்துக்கு ஏன் போவல?"

பதினோரு வருஷத்துக்கு முன் உம்மா படுக்கையில் கிடந்து, என்னைப் பார்க்கவேண்டுமென்று உன்னைத்தான் எழுதச் சொன்னாள். கப்பலுக்குச் சீட்டும் எடுத்தேன். ஊருக்கு வந்தால் உன் கண்ணைப் பார்க்கவேண்டி வருமே என்று ஏறவில்லை. வேலை அதிகம் என்று உனக்கு எழுதினேன். உம்மாவின் மையத்தை அடக்கத்துக்குத் தூக்கிப் போனவர்களில் நீயும் இருந்தாய். அன்றைக்காவது உள்ளதை எழுதியிருக்கலாம்.

ஓவர்சியரிடம் சொன்ன பொய்யை மன்னித்தேன். கல்யாணத்துக்கு நிற்கும் எவனும் பயப்படுவான். உம்மா போன அந்த வருஷத்தை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

பாலத்தில் நீ மட்டும் நடந்துகொள். பூங்கனிக்கு என் ஸலாம். இனி எழுத வேண்டாம்.

செய்யது அலி